தங்கையின் குரலில் மருமகள்

என் தங்கையின் மகள் பிரான்ஸில் நடிகை. மேடையிலும் நடிக்கிறாள், படங்களிலும் நடிக்கிறாள். இதை ஊரில் யாருக்காவது சொன்னால் முதலில் "தமிழ்ப் படமோ?" என்று கேட்பார்கள். இல்லை, பிரெஞ்சு என்பேன். "அப்ப ஆர் பாக்கிறது?" என்பார்கள். பிரெஞ்சுக்காரர் பார்ப்பார்கள் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அந்தப் பிள்ளையின் தொழில் பல வருடங்களாக விளங்கவில்லை.

நான் புங்குடுதீவில், மடத்துவெளிப் பக்கம் இருக்கிறேன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை கலியாணம் முடித்துப் பாரிஸுக்குப் போனவள், பிறகு ஊருக்கு வரவே இல்லை. மகள் அங்கேயே பிறந்தாள். பிள்ளை மருந்தாளராகப் படிக்கப் போகிறாள் என்று தங்கை சொன்னாள். இரண்டு வருடம் கழித்து, இல்லை, நாடகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள் என்றாள். அதைச் சொல்லும்போது யாருக்கோ கடும் வருத்தம், பிழைக்கமாட்டார் என்று சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

முதல் நாடகத்தில் அவளுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரியின் வேடம். ஒரு வசனமும் இல்லை. அடுத்ததில் உடுப்புத் தோய்ப்பவள். பிறகு தொலைக்காட்சித் தொடர்களில் தாதியாக வந்தாள், கடையில் காசு வாங்கும் பெண்ணாக வந்தாள், பொலிஸாகக்கூட வந்தாள். தங்கை அந்தத் துண்டுகளை எங்கள் போனுக்கு அனுப்புவாள். ஒரு முறை பிண அறை மேசையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். என் மனைவி போனைக் கதிரையில் எறிந்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது நடிப்பப்பா" என்றேன்.

"நடிப்பெண்டால்? உயிரோடை இருக்கிற பிள்ளையை இப்படியே கிடத்திறது?" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மனிடம் போய் அருச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருடம் அதே பிள்ளை ஒரு பெரிய அரங்கில் ராணியாக நின்றாள். பழைய காலத்துப் பிரெஞ்சு நாடகமாம், முழுக்கச் செய்யுளாம். தங்கை அனுப்பிய போட்டோவில் நீளமான சிவப்பு அங்கியோடு அவள் நின்ற தோரணையைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. பத்திரிகையில் அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள். பாரிஸில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அதைத் தமிழில் சொல்லி ஒலிப்பதிவாக அனுப்பினார். அதில் "என் மாமா கடலோடு பேசுகிறவர்" என்று அவள் சொன்னதாக இருந்தது. நான் வாழ்க்கையில் கடலோடு பேசியது கிடையாது. நீச்சலும் தெரியாது. அவள் அப்படிச் சொன்னாளா, எழுதியவர் கூட்டிச் சேர்த்தாரா, மொழிபெயர்த்தவர் பிழை விட்டாரா என்று தெரியாமல் மூன்று நாள் குழம்பினேன். தங்கையிடம் கேட்டபோது, "அதெல்லாம் அப்பிடித்தான் அண்ணை, விடுங்கோ" என்றாள்.

எனக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை அந்த அளவில்தான் இருந்தது. பொங்கலுக்குப் போன் எடுப்பாள், வருடப் பிறப்புக்கு எடுப்பாள். சுகம் கேட்பாள், மழை பெய்ததா என்று கேட்பாள். அம்மாவைப் பற்றி மட்டும் இருவரும் கதைப்பதில்லை.

போன வருடத்துக்கு முந்திய வருடம், மாசியில், மருமகள் தனியாக வந்து இறங்கினாள். பன்னிரண்டு நாள் நிற்கப் போவதாகச் சொன்னாள். பாரிஸில் இருக்கும் எங்கள் தீவுப்பகுதிப் பெண் ஒருத்தியைப் பற்றிய படமாம், அதில் அவள்தான் அந்தப் பெண். பாதி வசனம் தமிழில். "என்ரை தமிழ் சரியில்லை மாமா. நான் கதைச்சால் வெள்ளைக்காரி கதைக்கிறமாதிரி இருக்கு. அம்மா கதைக்கிறமாதிரி வரவேணும்" என்றாள். ரகரத்தைத் தொண்டையில் இருந்து எடுத்தாள். றகரம் அவளுக்கு வரவே இல்லை.

"அதுக்கு அம்மாவையே கேக்கலாமே பிள்ளை?"

"அம்மா இப்ப அம்மாமாதிரிக் கதைக்கிறேல்லை" என்றாள். அது எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். முப்பது வருடத்தில் தங்கையின் பேச்சும் மாறிவிட்டதாம். பாதி பிரெஞ்சு, மீதி தொலைக்காட்சித் தமிழ். ஊரில் இருந்து போன புதிதில் அவள் எப்படிக் கதைத்தாளோ, அதுதான் இவளுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த நாளில் இருந்து அவள் என் மனைவிக்குப் பின்னால் திரிந்தாள். மனைவி குசினியில் தேங்காய் துருவினால் பக்கத்தில் குந்தி இருந்து அவள் சொல்வதை முணுமுணுப்பாள். மனைவி கிணற்றடிக்குப் போனால் இவளும் போவாள், அவளைப்போலவே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு. "என்னைப் பகிடி பண்ணிறாளோ?" என்று மனைவி என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். ஒரு நாள் மருமகள் குறிகட்டுவான் இறங்குதுறையில் மீன் விற்கும் பெண்ணோடு அரை மணித்தியாலம் விலை பேசிவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தாள். அந்தப் பெண் என்னைக் கண்டபோது, "வாத்தியார், உங்கடை மருமகளுக்கு ஏதும் சுகமில்லையோ? நான் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிறா" என்றாள். நான் என்ன சொல்ல? நடிகை என்றேன். அவள் அதை நம்பவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பின்னேரம், நான் முற்றத்தில் இருந்தேன். உள்ளே தங்கை கதைத்தாள். "ஏலாது, இப்ப வர ஏலாது, நான் குளிச்சிட்டு வாறன்" என்றாள். நான் எழுந்தேவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "தங்கச்சி வந்திட்டாவோ? சொல்லவே இல்லை!" என்று கேட்டாள். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் காது நல்ல கூர்மை. மருமகள்தான் என்றேன்.

மருமகள் வெளியே வந்து, "சரியா மாமா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை அவள் தாள்களைக் கொண்டுவந்து விறாந்தை மேசையில் வைத்தாள். படத்தில் ஒரு காட்சி. அந்தப் பெண் பாரிஸில் இருந்து ஊருக்கு, தமையனுக்குப் போன் எடுக்கிறாள். தமையனின் வசனங்களை நான் சொல்ல வேண்டும், அவள் தங்கையின் வசனங்களைச் சொல்வாள். பிறகு கேட்டுப் பழகுவதற்காகப் போனில் பதிவு செய்துகொள்வாள். தாளில் தமிழ் ஆங்கில எழுத்தில் இருந்தது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் என் பங்கை மட்டும் ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

தங்கை: அம்மாட்டைக் குடுங்கோ.
தமையன்: அம்மாவுக்குக் கதைக்க ஏலாது. பிறகு எடு.

"இதை ஆர் எழுதினது?" என்று கேட்டேன்.

"படம் எடுக்கிற மனிசி. பிரெஞ்சுக்காரி. தமிழாக்கினது வேறை ஆள்."

"அவவுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"எது மாமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாத பிள்ளையின் முகம்தான். ஆனால் ராணியாகவும் பிணமாகவும் இருந்த முகமும் அதுதானே.

அம்மாவின் கடைசி மாதத்தைச் சொல்லாமல் இதை விளங்கப்படுத்த முடியாது. இருபது வருடம் இருக்கும். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், எங்கள் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தா. தங்கை கிழமைக்கு ஒரு தரம் எடுப்பாள். கதைத்து முடிந்ததும் அம்மா இரண்டு நாள் அழுவா, சாப்பிடமாட்டா. மனைவியும் நானும் மாறி மாறிக் கெஞ்சி ஊட்ட வேண்டும். அதனால் ஒரு நாள், "அம்மாவுக்குக் கதைக்க ஏலாது, பிறகு எடு" என்று தங்கைக்குச் சொன்னேன். அம்மா பக்கத்து அறையில் விழித்துக்கொண்டுதான் இருந்தா. அன்றைக்கு அது அம்மாவின் நன்மைக்காக என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் சொன்னேன். அதற்கடுத்த கிழமையும் சொன்னேன். அம்மாவுக்குக் குரல் போய்விட்டது என்றேன். கடைசி வரை குடுக்கவில்லை. அம்மா போன பிறகு ஒருவருக்கும் சொல்லவுமில்லை. மனைவிக்குத் தெரியும், ஆனால் அவளும் நானும் அதைத் தொடாமல் அவ்வளவு காலம் இருந்துவிட்டோம்.

"தொடங்குவமே மாமா?" என்று மருமகள் கேட்டாள். போனை மேசையில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி இருந்தாள். போனில் கதைப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அதற்காக.

"அண்ணை, நான்தான். சாப்பிட்டியளோ?"

தங்கையின் குரல். இருபத்தைந்து வயதுத் தங்கை. நான் கொப்பியைப் பார்த்து வாசித்தேன். சாப்பிட்டேன் என்றேன். மழையா என்று கேட்டாள், மழை என்றேன்.

"அம்மாட்டைக் குடுங்கோ அண்ணை."

கொப்பியில் எழுதியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அம்மா கதைக்கிறவ. நல்லாக் கதைக்கிறவ. நான்தான் குடுக்கேல்லை."

அவள் திரும்பவில்லை. முதுகு அசையவே இல்லை. அதே குரலில், "ஏன் அண்ணை?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். அம்மா அழுவதைத் தாங்க முடியவில்லை என்றேன். பிறகு அதுவும் முழு உண்மை இல்லை என்றேன். நீ போய்விட்டாய், பீத்துணி மாற்றியதும் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டியதும் நாங்கள், ஆனால் அம்மா கண் திறந்தால் கேட்பது உன்னை. அது எனக்குப் பொறுக்கவில்லை என்றேன். நீ போனில் கெஞ்சியபோது எனக்குள் ஏதோ ஒன்று ஆறியது என்றும் சொன்னேன். இவற்றை எனக்கே நான் ஒருநாளும் சொன்னதில்லை. மருமகளின் தோள்கள் குலுங்கின. "அண்ணை... அண்ணை..." என்று இரண்டு தரம் சொன்னாள். மூச்சு அடைத்துப் போனது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மனைவி கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

பிறகு மருமகள் திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம். கையால் துடைத்தாள்.

"இன்னொருக்கா எடுப்பம் மாமா. இந்த முறை தாளில இருக்கிறமாதிரி" என்றாள்.

அவள் மறுபடி முதுகைக் காட்டி இருந்தாள். நான் கொப்பியில் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். "அம்மாவுக்குக் கதைக்க ஏலாது. பிறகு எடு." அவள் தோள்கள் அதே மாதிரிக் குலுங்கின. "அண்ணை... அண்ணை..." அதே இரண்டு தரம். அதே மூச்சடைப்பு. திரும்பியபோது அதே ஈரம்.

அப்படியென்றால் முதல் தரம் அவள் அழுதது எதற்கு? எனக்காகவா, தாய்க்காகவா, படத்துக்காகவா? இரண்டாம் தரம் பொய்யென்றால் முதல் தரமும் பொய்தானே? முதல் தரம் உண்மையென்றால் அதை அப்படியே இன்னொரு தரம் ஒரு மனிசி எப்படிச் செய்வாள்? கணக்கில் இரண்டு பக்கமும் சமன் வரும்போது விடை சரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இங்கே இரண்டு பக்கமும் சமனாக வந்து நின்றது. விடைதான் தெரியவில்லை.

அன்றைக்கு மனைவி என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள். மருமகளோ ஒன்றும் நடக்காததுபோல மனைவியிடம் ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுவது என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

போகும் நாள் யாழ்ப்பாணம் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. இப்போது கேட்காவிட்டால் இனிக் கேட்க முடியாது.

"பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது..."

அவள் என் கையைப் பிடித்தாள். "நீங்கள் நல்லா நடிச்சியள் மாமா" என்றாள்.

பஸ் வந்து நின்றது. பையை ஏற்றிவிட்டேன். அவள் யன்னலால் கை காட்டினாள். அவள் உண்மையிலேயே நடிப்பு என்று நினைத்தாளா, என்னை விட்டுவிடுவோம் என்று இரக்கப்பட்டாளா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள் நடிச்சனிங்களோ?" என்றாள்.

"இல்லையெண்டு உமக்குத் தெரியுமே!"

"எனக்குத் தெரியும். தெரிய வேண்டிய ஆளுக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் தங்கையின் போனுக்குப் பயந்தே இருந்தேன். பொங்கலுக்கு எடுத்தாள். மழை பெய்ததா என்று கேட்டாள். அந்தப் பதிவைக் கேட்டாளா இல்லையா என்று அவள் குரலில் இருந்து பிடிக்க முயன்றேன். சில நேரம் கேட்டிருக்கிறாள் போல இருக்கும். அடுத்த வசனத்தில் இல்லைப் போல இருக்கும். அவளும் நடிக்கிறாளோ, மகளுக்கு நடிப்பு அங்கிருந்துதான் வந்ததோ என்றுகூட நினைத்தேன்.

படம் வந்தது. மருமகள் போனுக்கு அனுப்பியிருந்தாள். மனைவியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். பிரெஞ்சில் கதைத்த இடங்களில் ஆட்களின் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டோம். அந்தக் காட்சி வந்தது. மருமகள் ஒரு படிக்கட்டில் இருந்து போன் எடுத்தாள். தமையனாக யாரோ ஒருவரின் குரல். "அம்மாட்டைக் குடுங்கோ அண்ணை" என்றாள்.

"பொறு, குடுக்கிறன்" என்றது அந்தக் குரல்.

குடுத்துவிட்டான். ஒரு கிழவியின் குரல் வந்தது. "பிள்ளை" என்றது. மருமகள் அழவே இல்லை. சிரித்தாள்.

ஏன் மாற்றினார்கள்? படம் எடுத்த மனிசி தானாக மாற்றினாளா, மருமகள் கேட்டு மாற்றினாளா? எனக்கு ஏதும் சொல்ல நினைத்தாளா, அல்லது படத்துக்கு அப்படித்தான் நல்லதா? அந்த இடத்தை எத்தனையோ தரம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு கிழமையில் தங்கை எடுத்தாள். பொங்கலும் இல்லை, வருடப் பிறப்பும் இல்லை. தியேட்டரில் போய்ப் பார்த்தாளாம்.

"படத்தில தமையன்காரன் நல்லவன்" என்றாள்.

இதுதான் அந்த நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. ஆனால் இந்த முறை முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் இல்லை, கொப்பியும் இல்லை.

"நான் அப்பிடி இல்லை" என்றேன். "அம்மாவுக்குக் குரல் போகேல்லை. கடைசி நாள் வரைக்கும் கதைச்சவ. நான்தான் உனக்குக் குடுக்கேல்லை."

"தெரியும்" என்றாள்.

மகள் சொன்னாளா என்று கேட்டேன். இல்லையாம். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து போன ஓர் உறவுக்காரர், அம்மா கடைசி வரை நல்லாய்க் கதைத்தா என்று அப்போதே பாரிஸில் சொல்லிவிட்டாராம்.

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"அம்மாதான் என்னோடை கதைக்க மாட்டன் எண்டு சொன்னவ எண்டு நினைச்சனான்" என்றாள். "நீங்கள் எனக்கு நோகக்கூடாதெண்டு மறைக்கிறியள் எண்டு நினைச்சனான் அண்ணை."

இருபது வருடமாக அவள் என்னை நல்லவன் என்று நினைத்திருக்கிறாள். அம்மா தன்னை வெறுத்துவிட்டுப் போனா என்று நினைத்திருக்கிறாள்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?" என்றாள்.

"ஓம். ஒவ்வொரு நாளும். அவள் எடுத்தவளோ எண்டு கேப்பா. நான் இல்லையெண்டு சொன்னனான்."

போன் வெட்டுப்பட்டது. நான் திருப்பி எடுத்தேன், அவள் தூக்கவில்லை. அடுத்த நாளும் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். பொங்கல் வந்தது, போன் வரவில்லை. மனைவி மட்டும் இரண்டு முறை கதைத்தாள். என்ன கதைத்தாய் என்று கேட்டால், "பொம்பிளையள் கதைக்கிறது" என்றாள்.

வைகாசியில் ஒரு நாள், வெயில் ஏறிய நேரம், அவளே எடுத்தாள். சுகம் கேட்கவில்லை. மழையும் கேட்கவில்லை.

"நான் எடுக்கேல்லை எண்டு நீங்கள் சொல்லேக்கை அம்மா என்ன சொன்னவ? ஒண்டும் கூட்டாமல் சொல்லுங்கோ" என்றாள்.

நான் யோசித்தேன். அங்கேதான் எனக்குப் பெரிய சோதனை. படத்தில் வந்த கிழவியின் குரலை அவ்வளவு தரம் கேட்டுவிட்டேன், அம்மாவின் குரல் அதற்குள் கலந்துபோயிருந்தது. அம்மா சொன்னதென்று நினைத்து ஒன்றைத் தொடங்கினால் அது படத்தில் வந்ததாக இருந்தது. பொறு என்று சொல்லிவிட்டு அம்மா கிடந்த அறைக்குள் போய் நின்றேன். இப்போது அதில் நெல் மூட்டையும் பழைய அலுமாரியும் இருக்கின்றன. நிச்சயமாக அம்மா சொன்னது, வேறு யாரும் சொல்லியிருக்க முடியாதது, ஒரே ஒரு சொல்தான் எனக்கு அகப்பட்டது.

"'வேலையாக்கும்' எண்டு சொல்லுவா" என்றேன். "வேறை ஒண்டும் சொல்லிறேல்லை. வேலையாக்கும் எண்டிட்டுத் திரும்பிப் படுப்பா."

"கோவமா?"

"கோவமில்லை. மழை வரும்போல எண்டு சொல்லிறமாதிரித்தான்."

தங்கை அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வேலையாக்கும். மகள் சொல்லிப் பழகியதுபோல, மெதுவாக. அவள் அழுகிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை.

"அந்த நாளில எனக்கு ரெண்டு வேலை அண்ணை" என்றாள் கடைசியில். "காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஓம், வேலைதான்."

பிறகு, மருமகள் இப்போது ஒரு நாடகத்தில் ஆண் வேடம் போடுகிறாள் என்றும், தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டாள் என்றும், அது தனக்குப் பிடிக்கவே இல்லை என்றும் சொன்னாள். ஏன் ஆண் வேடம் என்று கேட்டேன். தனக்கும் விளங்கவில்லை என்றாள்.